புகாரில் எந்த முகவரியை எழுதுவது?

‘நடந்தது உண்மைன்னா அந்தப் பொண்ணு ஏன் அன்னைக்கே புகார் கொடுக்கல?’ கல்லூரி முதல்வர் கேட்கிறார், காவல் நிலையத்து ரைட்டர் கேட்கிறார், டீக்கடை பெஞ்சில் கேட்கிறார்கள், நம் தோழர்களும் கேட்கிறார்கள். கேட்கிற எல்லோரும் ஒரு புகார் மனு எப்படித் தொடங்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். இடது பக்கம் மேலே ‘அனுப்புநர்’. பெயர். தகப்பன் பெயர். வகுப்பு, பதிவு எண். அதற்குக் கீழே முகவரி: கதவு எண், காலனித் தெரு, இன்ன ஊர், கீரப்பாளையம் வழி, கடலூர் மாவட்டம். நடந்ததைப் பற்றி இன்னும் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. ஆனால் படிக்கிறவனுக்கு வேண்டியது முழுக்கக் கிடைத்துவிட்டது. யார் வீட்டுப் பெண், என்ன சாதி, அப்பன் யார் நிலத்தில் வேலை செய்கிறான், யாரைக் கூப்பிட்டுச் சொன்னால் இந்த மனுவைத் திரும்ப வாங்க வைக்கலாம் என்பதெல்லாம் அந்த நாலைந்து வரியிலேயே இருக்கிறது.

‘காலனி’ என்ற சொல் இனி அரசு ஆவணங்களில் இருக்காது என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகிற பேருந்தில் ஒரு பெண் எந்த நிறுத்தத்தில் இறங்குகிறாள், இறங்கி எந்தப் பக்கம் நடக்கிறாள் என்று பார்த்தே சாதி சொல்லிவிடுகிற பூமி இது. பலகை மாறினால் தெரு மாறாது.

நான் சொல்ல வருவது இதுதான். புகார் கொடுப்பதைப் பெண்ணின் தைரியம் சம்பந்தப்பட்ட விஷயமாகவே எல்லோரும் பேசுகிறோம். ‘துணிந்து வா மகளே’ என்று பேச்சுப் போட்டி நடத்துகிறோம். தைரியத்துக்கு நம் பெண்களிடம் பஞ்சமில்லை. வயலில், செங்கல் சூளையில், ரேஷன் கடையில், காவல் நிலையத்தில் அவர்கள் போடுகிற சண்டையை நாம் பார்க்காததா? கேள்வி தைரியம் பற்றியதல்ல. அவளுடைய பெயரும் முகவரியும் யார் கையில் போய்ச் சேர்கிறது, அதை வைத்து அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது பற்றியது.

அண்மையில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானார். மறுநாளே கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். (‘அன்னைக்கே ஏன் கொடுக்கல’ கோஷ்டி கவனிக்கவும்.) அதற்கடுத்த நாள் ஞானசேகரன் என்பவர் கைது. இதுவரை சட்டம் ஒழுங்காக வேலை செய்தது போலத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் முதல் தகவல் அறிக்கை வெளியே போய்விட்டது. பெயர், முகவரி, நடந்தது என எல்லாவற்றோடும் கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றியது. பாலியல் குற்றங்கள் போன்ற நுட்பமான வழக்குகளின் அறிக்கையை இணையத்தில் ஏற்றக்கூடாது என்று 2016 செப்டம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாற்றும்போது கணினியில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். கணினிக்குக் கோளாறு வந்தால் அது ஏன் எப்போதும் பெண்ணின் பெயரைத்தான் கக்குகிறது என்று தெரியவில்லை.

டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் அய்.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை வெளியானதற்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. மாணவியிடம் கட்டணம் வாங்காமல் படிப்பை முடிக்கவிட வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு உத்தரவிட்டது. அந்த அறிக்கை எழுதப்பட்ட மொழியே பாதிக்கப்பட்டவரைக் குற்றவாளியாக்குகிற மொழி என்றும் கண்டித்தது. 2025 மே 28 அன்று ஞானசேகரன் குற்றவாளி என்று மகளிர் நீதிமன்றம் அறிவித்தது. ஜூன் 2 அன்று தண்டனை: ஆயுள், 30 ஆண்டுக்குக் குறையாமல், தண்டனைக் குறைப்பு கிடையாது. அய்ந்தே மாதத்தில் தீர்ப்பு என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். குற்றவாளிக்கு 30 ஆண்டு. வெளியே போன அந்தக் காகிதத்துக்கு எத்தனை ஆண்டு? அது யாருடைய கைப்பேசியில் இன்னும் கிடக்கிறதோ!

இது முதல் தடவையும் அல்ல. பொள்ளாச்சியில் 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்தார். கொடுத்த ஓரிரு நாளில் அவருடைய அண்ணன் தாக்கப்பட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பத்திரிகையாளர்களுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த மாணவியின் பெயரைச் சொன்னார். வழக்கை மத்தியப் புலனாய்வுக்கு மாற்றி வெளியிட்ட அரசாணையிலும் பெயர் இருந்தது, படிக்கிற கல்லூரி இருந்தது. நீதி கொடுக்கிற உத்தரவிலேயே காட்டிக்கொடுப்பும் சேர்ந்து அச்சாகியிருந்தது! அப்போதும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்ன தொகை 25 லட்சம்தான். பெண்ணின் பெயரை வெளியே விட்டால் இருபத்தைந்து என்று அரசாங்கத்துக்கு ஒரு சந்தை நிலவரமே உருவாகிவிட்டது போலிருக்கிறது.

அதே பொள்ளாச்சி வழக்கில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விசாரணை மூடிய அறையில் நடந்தது. பெண்களின் அடையாளம் காக்கப்பட்டது. எட்டுப் பெண்கள் வந்து சாட்சி சொன்னார்கள். ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் பிறகு சொன்னார். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் வெளியே போகாது என்ற நம்பிக்கை இருந்தால் பெண்கள் ஆறு ஆண்டு கழித்தும் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு யாரும் துணிச்சல் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

சென்னையும் பொள்ளாச்சியும் தூரம் என்றால் நம் பக்கத்துக்கு வருவோம். 1992ல் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் ஒரு கூலித் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியைக் காவலர்கள் கூட்டாகச் சிதைத்தார்கள். அந்தப் பெண் நீதிமன்றம் வரை போய் நின்றார், காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டு மனித உரிமைப் போராட்டத்தில் அது ஒரு மைல்கல் என்று எழுதுவோம். சரி, அந்த வழக்கை நாம் எல்லோரும் என்ன பெயரால் சொல்கிறோம்? சிதம்பரத்தையும் அந்தப் பெண்ணின் பெயரையும் சேர்த்துத்தான். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று 1983லேயே சட்டத்தில் சேர்த்தாகிவிட்டது. இருந்தும் பத்திரிகைகள் எழுதின, நாமும் எழுதினோம், சுவரிலும் எழுதினோம். முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. தண்டனை பெற்ற காவலர்களில் ஒருவன் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். எனக்கும் தெரியாது. அவன் பேரப்பிள்ளைகளோடு கௌரவமாகப் பெயரில்லாமல் இருப்பான். பெயர் அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான்.

‘காவல் நிலையம்னாலே அப்படித்தான். கல்லூரிக்குள்ளேயே சொல்லலாமே, அதுக்குத்தானே கமிட்டி இருக்கு’ என்பார்கள். கல்லூரி என்பது நம் பெண்ணுக்கு என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். 1916ல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளிக்கூடம் தொடங்கினாரே, அங்கிருந்து எண்ணினால் நூறு ஆண்டு தாண்டிவிட்டது. ஆனாலும் கீரப்பாளையத்தைச் சுற்றியுள்ள பல சேரிகளில் கல்லூரிப் படி ஏறிய முதல் பெண் இன்னும் இப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கிறாள். அவள் சி.முட்லூர் போகலாம், அண்ணாமலை நகர் போகலாம், கடலூர் பெரியார் கலைக் கல்லூரிக்குப் பேருந்து பிடிக்கலாம். எங்கே போனாலும் உள்மதிப்பீட்டு மதிப்பெண் 25 ஆசிரியர் கையில். 75 விழுக்காடு வருகைப் பதிவு அவர் கையில். உதவித்தொகைக்குக் கையெழுத்து, மாதம் 1000 ரூபாய் வருகிற புதுமைப் பெண் திட்டத்துக்குப் படிக்கிறாள் என்ற சான்று, கடைசியில் மாற்றுச் சான்றிதழ் எல்லாம் அந்த அலுவலகத்தில். சொந்தக் காரில் வந்து இறங்குகிற மாணவிக்கும் இதெல்லாம் பொருந்தும்தான். ஆனால் அவளுக்கு ஒரு தாள் போனால் ஒரு தாள்தான் போகும். இவளுக்கு ஒரு தாள் போனால், ‘போதும்டி படிச்சது’ என்று அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்ப்பார்கள். அவளுக்குப் பின்னால் வர வேண்டிய தங்கச்சியும் எதிர்வீட்டுப் பெண்ணும் ப்ளஸ் டூவோடு நிறுத்தப்படுவார்கள். தொந்தரவு கொடுக்கிற ஆசாமிக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஆளைப் பொறுக்குகிறான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணுக்காக நானும் ஒரு கல்லூரிக்குப் போனேன். எந்தக் கல்லூரி, எந்தத் துறை என்பதெல்லாம் வேண்டாம். செய்முறை நோட்டுத் திருத்துகிறேன் என்று நாலு மணிக்கு மேல் அறைக்குக் கூப்பிடுவதும், தோளில் கை போடுவதும், ராத்திரியில் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புவதுமாக இரண்டு மாதம் நடந்திருக்கிறது. அவள் அம்மாவிடம் சொல்ல, அம்மா என்னிடம் வந்தாள். ‘படிப்ப நிறுத்திப்புடலாம்னு தோணுதும்மா. ஆனா இவ அப்பாகிட்ட என்னான்னு சொல்றது?’ மனு எழுதினோம். மூன்று பேரும் போனோம். முதல்வர் என்னை உட்காரச் சொன்னார், அம்மாவைச் சொல்லவில்லை. நான் எழுந்து நின்றுகொண்டேன். மனுவைப் படிக்கும் முன்னே, ‘எந்த ஊரும்மா?’ என்றார்.

‘கீரப்பாளையம் பக்கங்க.’

‘கீரப்பாளையத்துல எங்க?’

இந்த இரண்டாவது கேள்வி இருக்கிறதே, அது பூகோளக் கேள்வி இல்லை என்று நம் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். பதில் வந்ததும் அவர் முகம் தளர்ந்தது. அதற்குப் பிறகுதான் மனுவைப் படித்தார். ‘சார் எல்லாப் பிள்ளைங்களுக்கும் அப்பா மாதிரிம்மா’ என்றார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டேன். ‘ரசீதெல்லாம் எதுக்கு, இது நம்ம குடும்ப விஷயம்.’ மனு கொடுத்தது காலை பதினொரு மணி. சாயங்காலம் அய்ந்து மணிக்கு, அவளுடைய அப்பா வேலைக்குப் போகிற நிலத்துக்காரர் தெருமுனையில் வண்டியை நிறுத்தினார். ‘என்னடா, ஒம் பொண்ணு காலேஜில ஏதோ பிராது கொடுத்திருக்காமே? படிக்க அனுப்புனியா, பஞ்சாயத்துப் பண்ண அனுப்புனியா?’ ஆறு மணி நேரம். அந்தக் கல்லூரியிலிருந்து எந்தச் சான்றிதழாவது ஆறு நாளில் எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறதா?

பிறகு கமிட்டியும் கூடியது. தலைவராக இருந்த பேராசிரியைக்கு அதே துறையில் அந்த ஆளோடு தினமும் முகத்தில் முழிக்க வேண்டிய நிலை. வெளி உறுப்பினர் என்று உட்கார்ந்திருந்தவர் கல்லூரிக்கு வழக்கு நடத்துகிற வக்கீல். மாணவர் பிரதிநிதி என்று யாருமே இல்லை. ‘நீ ஏன் தனியா போன?’, ‘ஒன் நம்பர் அவருக்கு எப்படி வந்துச்சு?’ இப்படியே ஒரு மணி நேரம். அந்தப் பருவத்தில் அவளுக்கு உள்மதிப்பீடு 25க்கு 9. அவள் படிப்பை முடித்துவிட்டாள். அதற்கு மேல் அவளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

இதில் வேடிக்கை, அங்கே நடந்த ஒவ்வொன்றும் சட்ட விரோதம். பல்கலைக்கழக மானியக் குழு 2016 மே 2 அன்று அரசிதழில் வெளியிட்ட விதிமுறைகளில் எல்லாம் இருக்கிறது. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பதவிக்காரர்கள் உள்ளகப் புகார்க் குழுவில் இருக்கவே கூடாது. உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள். மாணவர் சம்பந்தப்பட்ட புகாராக இருந்தால் மூன்று மாணவப் பிரதிநிதிகள், அதுவும் தேர்தல் மூலம் வந்தவர்கள். பெண்கள் பிரச்சினையில் வேலை செய்கிற வெளி ஆள் ஒருவர். எல்லாவற்றையும் விட முக்கியமானது இது: விசாரணை முடிகிறவரை, குற்றம் சாட்டப்பட்டவர் அந்த மாணவியின் தேர்வையோ வேலையையோ மதிப்பிடக்கூடாது என்று உத்தரவு போடக் குழு பரிந்துரைக்கலாம். அந்த 25 மதிப்பெண்ணை அவன் கையிலிருந்து பிடுங்க வழி இருக்கிறது என்று அர்த்தம். சாதி, வர்க்கம் போன்றவற்றால் ஒடுக்கப்பட்டவர்கள் எளிதில் தொந்தரவுக்கு ஆளாகிறார்கள், புகார் கொடுப்பதும் அவர்களுக்குக் கடினம் என்று அந்த விதிமுறையே ஒப்புக்கொள்கிறது. புகாரின் உள்ளடக்கத்தையோ பெண்ணின் அடையாளத்தையோ வெளியிடக் கூடாது என்று 2013 சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. எழுத முடியாத பெண்ணுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதும் குழுவின் கடமை. நிகழ்ந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், காரணம் சரியாக இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். இதை எத்தனை முதல்வர்கள் படித்திருக்கிறார்கள்? நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

குழு நிர்வாகத்தின் சட்டைப் பையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, கலை வளர்க்கிற இடமான கலாக்ஷேத்ராவே சாட்சி. 2023 மார்ச்சில் புகார் கிளம்பியபோது, உள்ளகக் குழு விசாரித்துவிட்டது, எல்லாம் ஆதாரமற்றவை என்று நிர்வாகம் அறிக்கை விட்டது. மாத இறுதியில் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து உட்கார்ந்தார்கள். சுமார் 90 பேர் மாநில மகளிர் ஆணையத் தலைவரிடம் எழுதிக் கொடுத்தார்கள். ஏப்ரல் 3 அன்று ஓர் ஆசிரியர் கைது. ‘ஆதாரமற்றது’ சில நாளில் ஆதாரமுள்ளதாகிவிட்டது. தொண்ணூறு பேர் சேர்ந்து உட்கார முடிகிற இடத்தில் இது நடந்தது. ஒரு வகுப்பில் நம் பெண்கள் இரண்டு பேர் இருக்கிற இடத்தில்?

அருப்புக்கோட்டையில் நான்கே மாணவிகள். 2018ல் அவர்களுடைய கணிதப் பேராசிரியை நிர்மலா தேவி தொலைபேசியில் அழைத்து, பல்கலைக்கழக மேலிடத்து ஆட்களுக்கு ‘ஒத்துழைத்தால்’ மதிப்பெண்ணும் பணமும் வரும் என்று ஆசை காட்டினார். மாணவிகள் செய்த காரியம், அந்தப் பேச்சைப் பதிவு செய்து வைத்தது. கல்லூரி அவரை இடைநீக்கம் செய்ததோடு விஷயம் நின்றிருந்தது. ஏப்ரலில் ஒலிப்பதிவு ஊர் முழுக்கப் பரவிய பிறகே கைது. 2024 ஏப்ரல் இறுதியில் அவருக்குப் பத்தாண்டு சிறை. அவரோடு குற்றம் சாட்டப்பட்ட பல்கலைக்கழகத்து ஆண்கள் இருவரும் விடுதலை. அப்படியானால் அந்த ‘மேலிடம்’ யார்? கேட்கக் கூடாது. ஒலிப்பதிவு இல்லையென்றால் இந்த அளவுக்கும் வந்திருக்காது. நம் பெண்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்: செய்தியை அழிக்காதே. அருவருப்பாக இருந்தாலும் அழிக்காதே. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை.

இன்னொரு சட்டமும் இருக்கிறது, அதைப் பற்றி எந்தக் கல்லூரிக் குழுவும் வாய் திறப்பதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தலித் அல்லது பழங்குடிப் பெண் என்று தெரிந்தே அவர் சம்மதமில்லாமல் பாலியல் நோக்கில் தொடுவதும், அப்படிப்பட்ட சொல், சைகை, செயல் எல்லாமும் வன்கொடுமை. எதிர்க்காமல் இருந்தது சம்மதம் ஆகாது என்று அந்தப் பிரிவே விளக்குகிறது. ஆறு மாதம் முதல் அய்ந்தாண்டு வரை சிறை. ஆனால், ‘சாதியை ஏம்மா இழுக்கிறீங்க, இது ஆம்பள பொம்பள விஷயம்’ என்பார்கள். சாதியை இழுத்தது யார்? ‘கீரப்பாளையத்துல எங்க’ என்று கேட்டது நாங்களா?

இந்தப் பணியிடச் சட்டமே எங்கிருந்து வந்தது? 1992ல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன, குயவர் சாதியைச் சேர்ந்த அரசு ஊழியரான பன்வாரி தேவி மீது மேல்சாதி ஆண்கள் நடத்திய கூட்டு வன்முறையிலிருந்து. 1995ல் கீழ் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. மேல்சாதிக்காரன் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டுத் தீட்டுப்படுவானா என்பதும் அங்கே ஒரு வாதம்! அந்த வழக்கை முன்வைத்துப் போராடியதால்தான் 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளைத் தந்தது. அலுவலகம் அலுவலகமாகப் பெண்களுக்கு அது பயன்பட்டது. பன்வாரிக்கு அதனால் நீதி வரவில்லை. சட்டத்தைப் பெற்றவள் சேரியோரத்தில் நிற்க, சட்டப் புத்தகம் குளிர்சாதன அறையில் இருக்கிறது.

2017 அக்டோபரில், அமெரிக்காவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த தலித் மாணவி ராயா சர்க்கார், பாலியல் தொந்தரவு கொடுத்த பேராசிரியர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் பட்டியலை வெளியிட்டார். இந்தியாவின் மூத்த பெண்ணியவாதிகள் சிலர், பட்டியலைத் திரும்பப் பெறுங்கள், முறையான வழியில் போங்கள் என்று அறிக்கை விட்டார்கள். முறையான வழி எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பல தலித் பெண்கள் திருப்பிக் கேட்டார்கள். எனக்கு அந்தப் பட்டியலில் ஒரு விஷயம் பிடித்திருந்தது. ஆண்களின் பெயர் இருந்தது, பெண்களின் பெயர் இல்லை. சிதம்பரத்தில் நடந்ததைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது போல. ஆனால் பட்டியலால் உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணைத் திருத்த முடியாது, இடமாற்றம் வாங்க முடியாது. கோவா பல்கலைக்கழக வழக்கில் என்ன ஆனது? மாணவிகள் 2009ல் ஒரு துறைத் தலைவர் மீது புகார் கொடுத்தார்கள். குழு அவசர அவசரமாக விசாரித்து, அவரைப் பணிநீக்கம் செய்யும் வரை போனது. பதில் சொல்லப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தப் பணிநீக்கத்தை ரத்து செய்து மீண்டும் விசாரிக்கச் சொன்னது. பதினாலு ஆண்டு! விசாரணையை ஒழுங்காக நடத்துவது அந்த ஆளுக்குச் செய்கிற சலுகை அல்ல. அது அந்த மாணவிகளுக்குச் செய்திருக்க வேண்டிய கடமை. ஆகவே குழுவும் வேண்டும், வழக்கும் வேண்டும். அவை நம் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

இப்போது நம்மிடம் வருகிறேன். தோழர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. எங்காவது நம் பெண்ணுக்கு ஒன்று நடந்தால் முதல் வேலையாக என்ன செய்கிறோம்? ஃப்ளெக்ஸ் அடிக்கிறோம். தலைவர் படம் பெரிதாக, அம்பேத்கர் படம் மூலையில், நடுவில் அந்தப் பெண்ணின் படம், ரேஷன் அட்டையிலிருந்து எடுத்தது. கீழே அவள் பெயர், ஊர். ‘நீதி வேண்டும்.’ கைப்பேசிக் குழுக்களில் அவளுடைய மனுவின் நகலே சுற்றுகிறது. கணினிக் கோளாறு என்று சொன்ன காவல்துறைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? நாம் நல்ல எண்ணத்தில் செய்கிறோம் என்பதா? செத்துப்போனவள் என்றால்கூடப் பெற்றவர்களைக் கேட்க வேண்டும். இவள் உயிரோடு இருக்கிறாள். நாளைக்கு அதே பேருந்தில் ஏற வேண்டும்.

இன்னொன்று, தொந்தரவு கொடுத்தவன் நம் ஆளாக இருந்தால்? அதுவும் நடக்கிறது. கூட்டத்தில் முன் வரிசையில் உட்காருகிற பேராசிரியர், மாணவர் விடுதிப் பிரச்சினைக்கெல்லாம் முதலில் வந்து நிற்கிறவர். அப்போது நம் வாயில் ‘சமூகத்துப் பேரு கெட்டுடும்’ என்று வருகிறது. ‘உயர்சாதிக்காரன் கையில ஆயுதம் கொடுத்திடாதே தங்கச்சி’ என்கிறோம். ஊர்த்தெருவில் ‘குடும்ப மானம்’ என்கிறார்கள், நாம் ‘சமூக மானம்’ என்கிறோம். அவளுடைய உடம்பின் மீது இரண்டு மானத்தையும் தூக்கி வைத்தால் அவள் எங்கேதான் போவாள்? பொய்ப் புகாராக இருந்தால் முறையாக நடக்கிற விசாரணையில் அவர் வெளியே வரட்டும். நாமே அவளைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து மனுவைத் திரும்ப வாங்கச் சொல்வதற்கு இயக்கம் எதற்கு? அதை நிலத்துக்காரரே செய்வார்.

கல்லூரி திறக்கும்போது செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒரு மனு. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளின் பொதுத் தகவல் அலுவலருக்கு. உள்ளகப் புகார்க் குழு அமைத்த ஆணையின் நகல், உறுப்பினர் பெயரும் பதவியும், வெளி உறுப்பினர் எந்த அமைப்பு, மாணவப் பிரதிநிதிகளுக்குத் தேர்தல் நடந்த தேதி, குழுவில் தலித், பழங்குடிப் பெண் எத்தனை பேர், கடந்த அய்ந்தாண்டில் வந்த புகார் எத்தனை, 90 நாளில் முடிந்தது எத்தனை. இதைக் கேட்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. புகார் கொடுத்தவர் பெயரைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அங்கே படிக்கிற பெண்கள் இந்த மனுவைப் போட வேண்டாம், அனுப்புநர் இடத்தில் முகவரி எழுத வேண்டியிருக்கும். வெளியில் இருக்கிற நாம் போடலாம். நான் இரண்டு கல்லூரிக்கு, காலனித் தெரு என்றே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். 30 நாளில் பதில் தர வேண்டும். இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.